போர்வெல் தண்ணீர் வீட்டில் எல்லோ லேப் மீன் குஞ்சு எடுப்பது எப்படி

பல்லடம், சூலூர், அவிநாசி பக்கம் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "எங்க போர் தண்ணி உப்புங்க்கா, எந்த மீனும் நிக்க மாட்டேங்குது." கடையில் அழகாக இருக்கிறதே என்று டிஸ்கஸ், ராம் என்ற மீன்களை வாங்கி வந்து போர் தண்ணீரில் விட்டால் எப்படி நிற்கும்? இரண்டும் தென்னமெரிக்காவின் மென்னீர் (உப்பும் சுண்ணாம்பும் குறைந்த தண்ணீர்) ஆறுகளில் இருந்து வந்தவை. முதலில் உங்கள் குழாயில் என்ன தண்ணீர் வருகிறது என்று பாருங்கள், மீனை அப்புறம் முடிவு செய்யலாம். கோயம்புத்தூரில் மென்னீரான சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்கள் ஏஞ்சல் மீன் ஜோடி போடலாம், நன்றாக முட்டை வைக்கும். எங்களைப் போல போரை நம்பி இருப்பவர்களுக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்கள்தான் பொருத்தம். அதிலும் முதல் தடவைக்கு எல்லோ லேப். ஏரி மீன்களில் சாதுவானது, மஞ்சள் பளீரென்று இருக்கும், குஞ்சு வைப்பதில் கஞ்சத்தனம் இல்லாதது.

எல்லோ லேப் சிக்லிட் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. சிக்லிட் என்றதும் ஏதோ சீமைச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் குளத்து ஜிலேபியும் இந்தக் குடும்பம்தான். அதுவும் ஆப்பிரிக்கா மீன், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அதன் பெட்டையும் முட்டையை வாய்க்குள் வைத்துத்தான் பொரிக்கும். எல்லோ லேப் அதே வழக்கம் உள்ளதுதான்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பாதி வேலை அதில்தான் இருக்கிறது. டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அது கரைந்த உப்பு மொத்தத்தையும் காட்டும். சுண்ணாம்புச் சத்து எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. கடினத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்து கிட்டும், பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) பார்க்கும் கிட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மலாவி ஏரித் தண்ணீரின் பிஎச் ஏறக்குறைய 7.7-ல் இருந்து 8.6 வரை. ஆனால் உப்பு நாம் நினைக்கும் அளவுக்கு அதில் கிடையாது. உங்கள் போர் டிடிஎஸ் ஆயிரத்தைத் தாண்டினால் அத்திக்கடவுக் குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஒரு டிரம்மில் பிடித்து ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். சாயக்கழிவு ஏறிய நிலத்தடி நீர் என்று சந்தேகம் இருந்தால் அந்தப் போரையே தொடாதீர்கள்.

இன்னொன்று. பிஎச் ஏற ஏற, மீன் கழிவில் இருந்து வரும் அம்மோனியாவின் விஷமும் ஏறும். மென்னீர்த் தொட்டியில் தாங்கிக்கொள்ளும் அளவே எட்டுக்கு மேல் பிஎச் உள்ள தண்ணீரில் மீனைக் கொன்றுவிடும். அதனால் புதுத் தொட்டியில் உடனே மீன் விடவே கூடாது. ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, அதில் நல்ல பாக்டீரியா பிடிக்க நான்கில் இருந்து ஆறு வாரம் கொடுங்கள். தெரிந்தவர் வீட்டில் ஓடுகிற தொட்டி இருந்தால் அங்கிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்று வாங்கி வந்து போடுங்கள், நாள் குறையும். அப்புறம் வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும்.

தொட்டி மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் என்றால் சுமார் 130 லிட்டர் பிடிக்கும். அதற்குக் குறைவாக வேண்டாம். கல்லோடு சேர்த்து 150 கிலோவுக்கு மேல் போகும் என்பதால் ஸ்டாண்டை வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்வது நல்லது. கண்ணாடிக்கு அடியில் தெர்மகோல் தாள் அவசியம். எங்கள் வீட்டில் தறி ஓடும் சுவருக்குப் பக்கத்தில் நான் தொட்டி வைப்பதில்லை. அதிர்வு தரை வழியாக ஏறி, வாயில் முட்டை வைத்திருக்கும் பெட்டையை மிரட்டிக்கொண்டே இருக்கும்.

கல்லை முதலில் கண்ணாடி மேல் நிலையாக உட்கார வைத்துவிட்டு, மணலை அதற்குப் பிறகு கொட்டுங்கள். இந்த மீன்கள் மணலைத் தோண்டும். மணல் மேல் கல் அடுக்கினால் ஒரு நாள் சரிந்து கண்ணாடியை உடைக்கும். மதுக்கரைப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் கிடைத்தால் நல்லது. எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும், அதுதான் அடையாளம். கல்லுக்குக் கல் சந்து விட்டு, பெட்டை மட்டும் நுழைகிற மாதிரி பொந்துகள் அமையுங்கள்.

மீன் வாங்கும்போது ஜோடி கேட்காதீர்கள். ஒரு ஆணும் ஒரு பெட்டையும் மட்டும் விட்டால் ஆண் அவளைத் துரத்தித் துரத்தியே ஒரு வழி செய்துவிடும். ஒன்றரை அங்குலக் குட்டிகளாக எட்டு, பத்து வாங்கி ஒன்றாக வளர்த்துவிடுங்கள். பாதியை ஒரு கடையிலும் பாதியை வேறு கடையிலும் வாங்கினால் ஒரே தாய்க் குஞ்சுகள் சேராமல் இருக்கும். வளர்ந்ததும் ஒரு ஆண், நான்கு பெட்டை என்று வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடலாம். ஆணுக்கு வயிற்றுத் துடுப்பு கருகருவென்று இருக்கும், உடம்பும் சற்றுப் பெரிது. வாலுக்கு முன்னால் இருக்கும் கீழ்த்துடுப்பில் உள்ள மஞ்சள் புள்ளியை மட்டும் வைத்து ஆண் என்று சொல்ல முடியாது, பெட்டைக்கும் அது வருவதுண்டு.

தூய இனமா என்று பாருங்கள். சந்தையில் ரெட் ஜீப்ரா என்ற இன்னொரு மலாவி மீனோடு கலந்த குட்டிகளையும் எல்லோ லேப் என்றே விற்கிறார்கள். மஞ்சளில் ஆரஞ்சு சாயல் அடித்தாலோ, உடம்பில் மங்கலாகக் குறுக்குக் கோடு தெரிந்தாலோ வாங்க வேண்டாம். இதே காரணத்துக்காக, குஞ்சு எடுக்கும் தொட்டியில் வேறு எந்த மலாவி மீனையும் சேர்க்காதீர்கள்.

தீனியில் ஸ்பைருலினா என்ற பாசி கலந்த குருணை முக்கியம். வேகவைத்துத் தோல் நீக்கிய பச்சைப்பட்டாணியும் தின்னும். ரத்தப்புழுவை அள்ளிப் போட்டால் வயிறு ஊதிச் சாகும். வெப்பம் 25-ல் இருந்து 27 டிகிரி. மார்கழியில் இரவு நன்றாகக் குளிரும், 100 வாட் ஹீட்டர் தேவைப்படும். சித்திரையில் மூடியைத் திறந்து வைத்து ஏர் பம்பைக் கூட்டி விட்டால் போதும்.

இனி முட்டை. ஆறேழு மாதத்தில் பருவத்துக்கு வரும். ஆண் ஒரு கல்லடியில் மணலை ஒதுக்கிப் பள்ளம் செய்து, பெட்டை முன்னால் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். இரண்டும் வட்டமடிக்கும். பெட்டை சில முட்டைகளை இட்டு, உடனே திரும்பி வாயில் பொறுக்கிக்கொள்ளும். ஆண் தன் கீழ்த்துடுப்பை விரித்துக் காட்டும்போது அதில் உள்ள முட்டை போன்ற புள்ளிகளைப் பெட்டை கொத்த வரும். அந்த நேரத்தில் ஆணின் விந்து அவள் வாய்க்குள் போய் முட்டைகள் கருவாகும். கிட்ட உட்கார்ந்து பார்க்கக் கிடைத்தால் அசையாமல் பாருங்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

மறுநாள் தீனி போடும்போது எந்தப் பெட்டை மேலே வரவில்லை என்று கவனியுங்கள். வந்தாலும் தீனியைத் தொடாது. தாடை அடியில் தொங்குபை மாதிரி இறங்கியிருக்கும், எதையோ மெல்லுவது போல் வாய் அசைந்துகொண்டே இருக்கும். முட்டைகளைப் புரட்டிப் புரட்டித் தண்ணீர் காட்டுகிறாள். முதல் சில வாட்டி பெட்டைகள் பாதியிலேயே விழுங்கிவிடும். இளம் பெட்டைக்குப் பழக வேண்டும், விட்டுவிடுங்கள்.

ஏறக்குறைய மூன்று வாரத்தில் இருந்து நான்கு வாரம் வரை அவள் ஒன்றும் தின்னாமல் சுமப்பாள். பதினெட்டு நாள் ஆனதும் தனித்தொட்டிக்கு மாற்றுங்கள். 20 லிட்டர் போதும். பெரிய தொட்டியின் தண்ணீரையே நிரப்பி, அதிலேயே ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் போட்டு, ஒளிய ஒரு பிவிசி குழாய்த் துண்டும் வையுங்கள். பிடிப்பதை விளக்கு அணைத்த பிறகு, ராத்திரியில் செய்ய வேண்டும். வலையால் அள்ளினால் பயத்தில் துப்பிவிடுவாள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அதற்குள் மெல்ல ஓட்டி, தண்ணீரோடு தூக்குங்கள்.

வாயைத் திறந்து குஞ்சுகளை உதிர்த்து எடுப்பவர்கள் உண்டு. தாய் மிகவும் மெலிந்திருந்தால் தவிர அது தேவையில்லை என்பது என் கருத்து. தானாகவே விடுவாள். ஒரு தடவைக்குப் பத்தில் இருந்து இருபத்தைந்து குஞ்சு வரை வரும். எல்லாம் வெளியே வந்ததும் தாய்க்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி கொடுத்து, ஒரு வாரம் தனியாகத் தேற்றி, வயிறு நிறைந்த பிறகே பெரிய தொட்டியில் விடுங்கள். மெலிந்தவளை அப்படியே விட்டால் ஆண் மறுபடியும் துரத்தும்.

குஞ்சுகள் முதல் நாளே தின்னும். குருணையை விரலால் நுணுக்கிப் போட்டாலே போதும், ஆனால் ஆர்ட்டீமியா (உப்புத் தண்ணீரில் வாழும் பொடி இறால் வகை) பொரித்துக் கொடுத்தால் வளர்ச்சியே தனி. கவிழ்த்த பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர், 25 கிராம் கல்லுப்பு, கால் டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை. காற்றுக் குழாய் பலமாக ஓட வேண்டும், மேலே ஒரு விளக்கும் எரியட்டும். 24-ல் இருந்து 36 மணி நேரத்தில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளாகப் பொரிந்து வெளிச்சத்தை நோக்கிக் கூடும். மேலே மிதக்கும் முட்டை ஓடுகளை விட்டுவிட்டு, கீழே இருப்பதைத் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. கரண்ட் போகும் ஊர் என்றால் ஏர் பம்பை இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுங்கள்.

ஒரு அங்குலம் வந்ததும் கடைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள், அல்லது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கோணல் முதுகு, வாய் கோணிய குஞ்சுகளை விற்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சியதைக் குளத்திலோ கிணற்றிலோ வாய்க்காலிலோ விடவே விடாதீர்கள். டேங்க் கிளீனர் மீனை அப்படி விட்டதால் நம் குளங்கள் படும் பாடு போதும். எடுக்க ஆளில்லாத அளவுக்குக் குஞ்சு சேர்ந்துவிட்டால் ஆணைச் சில மாதம் வேறு தொட்டியில் பிரித்து வையுங்கள்.