லண்டன் போகும் முன் மருந்து விஷயத்தில் செய்ய வேண்டியவை

என் தங்கை லண்டன் போனபோது மூன்று மாதத்துக்கான குளிசைகளை வெள்ளவத்தையில் வாங்கிக்கொண்டு போனாள். எல்லாம் சின்னக் கடதாசி உறைகளில், மேலே பேனையால் "காலை 1, இரவு 1" என்று மட்டும் எழுதியிருந்தது. அங்கே டொக்டர் இது என்ன மருந்து என்று கேட்டதும் அவளால் பதில் சொல்ல முடியவில்லை.

அதனால் குளிசைகளை மட்டையோடு வாங்குங்கள். உங்களைப் பார்க்கும் டொக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கேளுங்கள்: என்ன வருத்தம், எப்போதிருந்து, எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம். கம்பனிப் பெயர் அங்கே வேறாக இருக்கும், ஆகவே மெட்போமின், லொசாட்டன் என்று மருந்தின் பெயரையே எழுதச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பி, ரிப்போட்டுகள், பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

இங்கே முழங்கால் நொந்தால் நேரே எலும்பு டொக்டரை சனல் பண்ணுவோம். அங்கே என்எச்எஸ்ஸில், அதாவது அரசாங்க மருத்துவ சேவையில், பெரும்பாலும் ஜீபி, அதாவது குடும்ப டொக்டர், அனுப்பினால்தான் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கலாம். வருத்தம் வரும்வரை காத்திருக்காமல் போன முதல் வாரத்திலேயே ஜீபியிடம் பதிந்துவிடுங்கள். பதிவு இலவசம். தங்கையை ஓரிடத்தில் முகவரிச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், பாவம், அவளும் பேசாமல் வந்துவிட்டாள். ஆனால் இங்கிலாந்தில் பதிவுக்கு முகவரிச் சான்றோ விசாவோ கட்டாயமில்லை, அதை மரியாதையாகச் சொல்லி நில்லுங்கள். குடும்ப விசாவில் போகும் பெரியவர் ஆண்டுக்கு 1,035 பவுண் சுகாதாரக் கட்டணம் கட்டித்தான் போகிறார், தயங்க என்ன இருக்கிறது?

ஆங்கிலம் கஷ்டம் என்றால் நேரம் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், அதற்கும் காசில்லை. தயவுசெய்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிப்போய் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மகன் பக்கத்தில் இருக்கும்போது எந்த அம்மா மாதவிடாய் பற்றி வாய் திறப்பார்?

உயிருக்கு ஆபத்து என்றால் 999. அவசரம், ஆனால் அவ்வளவு இல்லை என்றால் 111.

அப்புறம், அம்மா அப்பாவை விசிட் விசாவில் கூப்பிடுகிறவர்கள் கவனம். அவர்களுக்கு ஜீபியும் அவசரப் பிரிவும் இலவசம்தான், ஆனால் வார்ட்டில் படுக்க வைத்துவிட்டால் இங்கிலாந்தில் வழக்கமான செலவின் ஒன்றரை மடங்கு பில் வரும். பயணக் காப்புறுதி எடுத்தே கூப்பிடுங்கள், படிவத்தில் அப்பாவின் சீனி வருத்தத்தையும் பிரஷரையும் மறைக்காமல் எழுதுங்கள்.