பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் முன் கேட்க வேண்டியது: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பெற்றோருக்கு

வேலை மாற்றலில் ஜோகன்னஸ்பர்க்குக்கோ டர்பனுக்கோ வந்து இறங்கும் குடும்பங்கள் பள்ளியைப் பற்றி விசாரிப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஃபீஸ் எவ்வளவு, மேட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு) ரிசல்ட் எப்படி, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம். பிள்ளைகள் ஒருவரையொருவர் சீண்டினால், மிரட்டினால், இந்தப் பள்ளி என்ன செய்யும் என்று சேர்க்கும் நாளில் யாரும் கேட்பதில்லை. பிள்ளை சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது. சேர்க்கும்போதே கேளுங்கள். இங்கே இது சின்ன விஷயமில்லை. 2016-இல் நடந்த பேர்ல்ஸ் என்ற சர்வதேச வாசிப்பு ஆய்வில், இந்த நாட்டின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் பத்துக்கு நான்கு பேர் வாரந்தோறும் சீண்டலுக்கு ஆளாவதாகச் சொன்னார்கள்.

விதி போட்டால் சீண்டல் நின்றுவிடுமா? நிற்காது. ஆனால் குறையும். எவ்வளவு குறையும் என்பது விதியைவிட, அதை நடத்துகிறவர்களைப் பொறுத்தது. இதற்கு நார்வேயின் அனுபவம் நல்ல சான்று. 1982-இன் கடைசியில் அங்கே மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமைதான் காரணம் என்று தெரிந்ததும் நாடு அதிர்ந்துபோனது. 1983-இல் அரசே எல்லாப் பள்ளிகளிலும் ஓர் இயக்கம் தொடங்கியது. பெர்கன் நகரப் பகுதியில் டான் ஓல்வியஸ் என்ற உளவியலாளர் 42 பள்ளிகளில் சுமார் 2,500 பிள்ளைகளை இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்தார். அங்கே சீண்டல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதே இயக்கத்தை நார்வேயின் ரோகலாந்து பகுதியில் வேறொரு குழு மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது அப்படிப்பட்ட பலன் எதுவும் தெரியவில்லை. பள்ளிகளோடு கூடவே நின்று யாராவது வேலை செய்தார்களா என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருந்தது.

அதற்குப் பிறகு பல நாடுகளில் நடந்த முயற்சிகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் இன்னும் அடக்கமான கணக்கைத் தருகின்றன. நல்ல திட்டங்கள் சீண்டுவதைச் சுமார் 20 சதவீதமும், சீண்டலுக்கு ஆளாவதைச் சுமார் 15 சதவீதமும் குறைக்கின்றன. சிலருக்கு இது கொஞ்சமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐந்நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இது எத்தனை வீட்டுக்கு நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள்.

பலன் தந்த திட்டங்களில் சில விஷயங்கள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. இடைவேளையில் மைதானத்திலும் கழிப்பறைப் பக்கத்திலும் பெரியவர் ஒருவர் நிற்கிறார். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். முக்கியமாக, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைச் சும்மா விடுவதில்லை. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான கிவா திட்டம் இந்தக் கடைசி விஷயத்தின் மேலேயே கட்டப்பட்டது. கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்துப் பார்த்தபோது, பத்தில் ஒன்பது சம்பவங்களில் மற்ற பிள்ளைகள் சுற்றி நின்றிருந்தார்கள். யாராவது ஒரு பிள்ளை குறுக்கே புகுந்து தடுத்தபோது, பாதிக்கு மேற்பட்ட சம்பவங்கள் பத்து விநாடிக்குள் நின்றுபோயின. தவறு செய்தால் உடனே வெளியே அனுப்பு என்கிற கறார் விதிக்கு அந்த அளவு பலன் இல்லை. ஒருவன் பள்ளியையே விட்டுப் போய்விடுவான் என்று தெரிந்தால், பார்த்த பிள்ளைகள் வாய் திறக்கத் தயங்குகிறார்கள்.

சரி, இங்கே சட்டம் என்ன சொல்கிறது? 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டப்படி, ஒவ்வொரு அரசுப் பள்ளியின் நிர்வாகக் குழுவும் மாணவர், பெற்றோர், ஆசிரியரைக் கலந்து ஒரு நடத்தை விதித்தொகுப்பை ஏற்க வேண்டும். இதைத்தான் இங்கே எல்லோரும் கோட் ஆஃப் காண்டக்ட் என்கிறார்கள். சேர்க்கைப் படிவத்தோடு வரும் கட்டுக்குள் இருக்கும். நாம் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவோம். அப்படிச் செய்யாதீர்கள், உட்கார்ந்து படியுங்கள். சீண்டல் என்று எதையெல்லாம் கணக்கில் எடுக்கிறார்கள்? வாட்ஸ்அப்பில் நடப்பதும் அதில் சேருமா? யாரிடம் புகார் சொல்வது, எத்தனை நாளில் பதில் வரும்? இவற்றுக்கு அந்தத் தாளில் விடை இல்லாவிட்டால் பிரின்சிபாலிடம் நேரில் கேளுங்கள். போன டெர்மில் எத்தனை புகார் வந்தது என்றும் கேளுங்கள். ஒன்றுமே வரவில்லை என்று பெருமையாகச் சொன்னால் அதை நான் நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளைகள் அங்கே சொல்லப் பயப்படுகிறார்கள் என்றுதான் நினைப்பேன்.

தனியார் பள்ளிகளில் நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில்தான் விதிகள் இருக்கும். அங்கே இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். ஆனால் அடிப்பது எந்தப் பள்ளியிலும் கூடாது. ஆசிரியர் கை நீட்டினால் அது குற்றம். நம் ஊர் நினைப்பில் 'ரெண்டு தட்டு தட்டுங்க சார்' என்று விளையாட்டாகக்கூடச் சொல்லிவிடாதீர்கள்.

புகார் கொடுக்கும் விதத்தில் நம் ஆட்கள் இரண்டு எல்லைக்கும் போவதைப் பார்க்கிறேன். ஒரு பக்கம், 'புது இடம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ கண்ணு' என்று பிள்ளையின் வாயை அடைத்துவிடுவது. இன்னொரு பக்கம், வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் பையனின் அம்மாவோடு சண்டைக்கு நிற்பது, அல்லது 'நீயும் திருப்பி அடி' என்று சொல்லி அனுப்புவது. திருப்பி அடித்தால் விசாரணையில் உங்கள் பிள்ளையும் நிற்க வேண்டியிருக்கும். மின்னஞ்சலில் எழுதுங்கள்: தேதி, இடம், என்ன சொன்னார்கள் அல்லது செய்தார்கள், யார் பார்த்தார்கள். செய்திகள் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் இணையுங்கள். முதலில் வகுப்பு ஆசிரியர், அப்புறம் கிரேடு ஹெட் (அந்த வகுப்பு நிலைக்குப் பொறுப்பான ஆசிரியர்), அப்புறம் பிரின்சிபால். அங்கும் அசையாவிட்டால் நிர்வாகக் குழு, அதற்கு மேல் கல்வித் துறையின் மாவட்ட அலுவலகம். வாயால் சொன்னதை மறக்க முடியும், எழுதிக் கொடுத்ததை மறுக்க முடியாது.

'அந்தப் பையனை நாளைக்கே நீக்குங்கள்' என்று கேட்டால் பள்ளியால் முடியாது. நியாயமான விசாரணை நடக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் பெற்றோரும் வர வேண்டும். அரசுப் பள்ளியில் நிர்வாகக் குழு தண்டனையாக அதிகபட்சம் ஏழு பள்ளி நாட்கள்தான் இடைநீக்கம் செய்யலாம். பள்ளியிலிருந்தே நீக்கும் அதிகாரம் மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்கு மட்டும்தான். அதனால் உங்கள் பிள்ளைக்கு இன்று என்ன பாதுகாப்பு என்று கேளுங்கள்: இடைவேளையில் யார் கண் வைப்பார்கள், வகுப்பில் இடம் மாற்றுவார்களா, வேனில் யாரோடு உட்கார வைப்பார்கள்? இதையெல்லாம் பள்ளி அன்றே செய்ய முடியும்.

தொல்லை பள்ளி எல்லையைத் தாண்டி, போனில் விடாமல் துரத்துகிறது என்றால் 2011-ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். பெற்றோர் துணை இல்லாமல் பிள்ளையே கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. கடைசிக் கட்டத்தில் மட்டும் அங்கே போங்கள்.

நம் பிள்ளைகள் எதற்குச் சீண்டப்படுகிறார்கள்? ஆங்கில உச்சரிப்பு, நீளமான பெயர், டப்பாவைத் திறந்ததும் வரும் சாம்பார் வாசனை, விபூதி, எண்ணெய் வைத்த தலை. வகுப்பில் பிள்ளை, நாயுடு, மூட்லி, கோவிந்தர் என்று பெயர்கள் இருப்பதைப் பார்த்து நம்மவர்கள் இருக்கிறார்கள் என்று பெற்றோர் நிம்மதியாகிவிடுகிறார்கள். 1860 முதல் டர்பன் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களின் வழியில் வந்த அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஆங்கிலமே வீட்டுமொழி. அவர்களும் மற்ற பிள்ளைகளைப் போலத்தான். சிலர் தோழர்களாவார்கள், சிலர் உச்சரிப்பைக் கேலி செய்வார்கள்.

அந்தச் சமூகத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டிய ஒரு வழக்கு உண்டு. டர்பனில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் மாணவி ஒருவர் மூக்குத்தி அணிந்து வந்தார். பள்ளி விதி நகைக்கு இடம் தரவில்லை. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. விதிவிலக்கு தர மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று 2007-இல் தீர்ப்பு வந்தது. 2024-இல் வந்த, பேலா எனப்படும் அடிப்படைக் கல்விச் சட்டங்கள் திருத்தச் சட்டமும், மாணவர்களின் பண்பாடு, சமய வழக்கங்களை விதித்தொகுப்பு கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. ஆகவே மூக்குத்தியோ கையில் கட்டிய கயிறோ பிரச்சினையானால், விதிவிலக்கு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளை சீண்டுகிற பக்கத்திலும் இருக்கலாம். நிறத்தைப் பற்றி, சாதியைப் பற்றி, உடல் பருமனைப் பற்றி நம் வீடுகளில் சாதாரணமாகப் பேசுகிறோம். பிள்ளை அதை அப்படியே பள்ளிக்குக் கொண்டுபோகும். இந்த நாடு நிறத்தின் பெயரால் பட்ட பாட்டுக்குப் பிறகு, இனத்தை இழிவுபடுத்தும் சொல்லை இங்கே விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், எடுத்துக்கொள்ளவும் கூடாது. கறுப்பினப் பிள்ளைகளைப் பற்றி வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். தமிழில் பேசினால் யாருக்கும் தெரியாது என்று நினைக்க வேண்டாம், பிள்ளைக்குத் தெரியும்.

அரசுப் பள்ளிகளில் மூன்று வருடத்துக்கு ஒரு முறை நிர்வாகக் குழுத் தேர்தல் நடக்கும். சட்டப்படி அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. விதியை எழுதுவதும் திருத்துவதும் அந்தக் குழுதான். நம்மவர்கள் வாக்களிக்கக்கூடப் போவதில்லை. போங்கள், முடிந்தால் நில்லுங்கள். இடைவேளையில் மைதானத்தில் ஓர் ஆசிரியர் கட்டாயம் நிற்க வேண்டும் என்ற ஒரே ஒரு வரியை அந்தத் தொகுப்பில் சேர்க்க வைத்தாலே, நூறு அறிவுரைக் கூட்டங்கள் செய்யாததை அது செய்யும்.

கடைசியாக ஓர் எண்: 116. சைல்ட்லைன், கட்டணம் கிடையாது. பிள்ளையின் டைரியில் எழுதிக் கொடுங்கள். எங்களிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் இதில் பேசு, எங்களைக் கேட்க வேண்டியதில்லை என்றும் சொல்லி வையுங்கள்.