குளிர்ந்துபோன பூனைக்குட்டி: முதலில் சூடு, பிறகு சர்க்கரை, கடைசியில்தான் பால்

பிறந்து சில நாளே ஆன பூனைக்குட்டி துவண்டு கிடப்பதைப் பார்த்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, 'பசி போல, கொஞ்சம் பால் கொடுப்போம்' என்பதுதான். ஊட்டி, கோத்தகிரி, குந்தா போன்ற குளிர் இடங்களில் அந்தப் பாலே குட்டிக்கு எமனாகிவிடலாம். உடம்புச் சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் குடல் அசைவது நின்றுபோகும். உள்ளே போன பால் செரிக்காமல் வயிற்றை ஊதவைக்கும். விழுங்கத் தெம்பில்லாத குட்டிக்கு நேராக நுரையீரலுக்கே போய்விடும். எனவே முதலில் சூடு, அடுத்து சர்க்கரைத் தண்ணீர், அதற்கப்புறம்தான் பால். இந்த வரிசையை எதற்காகவும் மாற்ற வேண்டாம்.

முதல் வாரத்தில் குட்டிக்குக் குளிரில் நடுங்கக்கூடத் தெரியாது. தாயின் வயிற்றுச் சூடும் கூடப்பிறந்தவற்றின் சூடும்தான் அதற்குப் போர்வை. விறகுக் கொட்டகையிலோ லைன் வீட்டுப் பரணிலோ போட்ட குட்டிகளை விட்டுத் தாய் இரை தேடிப் போய்த் திரும்பத் தாமதமானால், உறைபனிக் காலத்தில் அதுவே போதும் குட்டி விறைத்துப்போக. குட்டியின் வாய்க்குள் சுத்தமான சுண்டுவிரல் நுனியை வைத்துப் பாருங்கள். உள்ளே சில்லென்று இருந்து, விரலைச் சப்பவும் இல்லையென்றால் குட்டி ஆபத்தில் இருக்கிறது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால் முனையில் தேங்காய் எண்ணெய் தொட்டு, ஆசனவாயில் நுனி மட்டும் நுழையுமளவு வைத்துப் பார்க்கலாம். மனிதருக்கான தெர்மாமீட்டர்களில் பல 32 டிகிரிக்குக் கீழே எண் காட்டாது, 'லோ' என்று மட்டும் காட்டும். அது கருவி கெட்டதற்கு அடையாளம் அல்ல. குட்டி அவ்வளவு குளிர்ந்திருக்கிறது.

சூடேற்றுவது நிதானமாக, ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் நடக்க வேண்டும். அவசரப்பட்டு வெந்நீரில் முக்கினாலோ ஹீட்டர் முன்னால் காட்டினாலோ தோலின் ரத்தக் குழாய்கள் சட்டென்று விரிந்து, உள்ளுறுப்புகளுக்கு ரத்தம் குறைந்து, குட்டி அதிர்ச்சியில் போய்விடும். ஈரமாக இருந்தால் முதலில் துவட்டுங்கள். பிறகு உங்கள் ஸ்வெட்டருக்குள், தோலோடு தோல் ஒட்ட அரை மணி நேரம் வைத்திருங்கள். அதற்குள் பெட்டியைத் தயார் செய்யலாம்.

அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வெந்நீர்ப் பையை வைத்து, மேலே கம்பளித் துணி இரண்டு மடிப்பு போடுங்கள். மறுபாதி சூடில்லாமல் இருக்கட்டும். சூடு அதிகமானால் குட்டி ஊர்ந்து விலக இடம் வேண்டும். ரப்பர் பை இல்லையென்றால் மூடி இறுகிய கண்ணாடி பாட்டிலில் வெந்நீர் ஊற்றிப் பழைய சாக்ஸுக்குள் போட்டுக்கொள்ளலாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத்தான் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தடை இருக்கிறதே. பாட்டில் ஆறிவிட்டால் அது குட்டியின் சூட்டையே உறிஞ்சத் தொடங்கும், ஆகவே இரவிலும் இரண்டு மணிக்கொரு தடவை மாற்ற வேண்டியிருக்கும். முதல் வாரம் படுக்கையில் 30 முதல் 32 டிகிரி இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் மின்சாரச் சூட்டை மட்டும் நம்புவது சரிவராது. அதற்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். அதிலிருந்து வரும் விஷவாயு குட்டியை மட்டுமல்ல, உங்களையும் கொன்றுவிடும்.

சளி பிடித்திருக்கிறது என்று நீலகிரித் தைலம் தடவுவதும் இங்கே வழக்கம். பூனைக்கு யூகலிப்டஸ் எண்ணெய் விஷம். வின்டர்கிரீன் தைலமும் கற்பூரமும் அப்படியே. பூனையின் கல்லீரலுக்கு இவற்றை முறித்து வெளியேற்றும் திறன் குறைவு. பாராசிட்டமால் ஒரு துணுக்குகூடக் கூடாது.

உடம்பு சூடேறிக்கொண்டிருக்கும்போதே, 50 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் 2 டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து, விரலால் தொட்டு ஈறிலும் நாக்கிலும் தடவுங்கள். மூன்று நிமிடத்துக்கு மூன்று துளி போதும். வாயில் ஊற்றக் கூடாது. குட்டி தலையைத் தூக்கிக் கத்தத் தொடங்கினால் சர்க்கரை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

சூடு 36 டிகிரியைத் தொட்டு, விரலை நன்றாகச் சப்பினால் பால் கொடுக்கலாம். இங்கே வீட்டுக்கு வீடு பசும்பால் இருக்கும். ஆனால் பூனைப்பாலில் இருக்கும் புரதத்தில் பாதிகூட அதில் இல்லை, வயிற்றுப்போக்கும் வரும். பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால் பவுடரைத்தான் வாங்க வேண்டும். அளவு டின்னில் போட்டிருக்கும். அது வந்து சேரும்வரை ஓரிரு நாளுக்கு ஆட்டுப்பால் தாக்குப்பிடிக்கும். சிரிஞ்சையும் நிப்பிளையும் கொதிக்க வைக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: ஊட்டி உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாது, சுமார் 93-லேயே கொதித்துவிடும். கூடுதலாகச் சில நிமிடங்கள் கொதிக்க விடுங்கள்.

100 கிராம் எடையுள்ள குட்டியின் வயிறு ஒரு வேளைக்கு 4 மி.லி. தான் கொள்ளும். ஒரு நாளைக்கு மொத்தம் சுமார் 20 மி.லி. வேண்டும். நோயில் கிடந்த குட்டிக்கு முதல் இரண்டு வேளை 1 மி.லி. போதும், தாங்கினால் கூட்டிக்கொண்டே போகலாம். முதல் வாரம் இரண்டு மணிக்கொரு தடவை, இரவிலும்தான். குட்டியைக் குப்புறப் படுக்க வைத்து, தலை சற்றே உயர, ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்சால் துளித்துளியாக, அது விழுங்கும் வேகத்துக்குக் கொடுங்கள். கைக்குழந்தையைப் போல மல்லாத்தித் தாலாட்டிக்கொண்டு புகட்டவே கூடாது. மூக்கில் பால் நுரைத்து வந்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்தித் துடைத்துவிடுங்கள். அடுத்த ஓரிரு நாளில் மூச்சு வாங்கினால் நிமோனியா. ஒவ்வொரு வேளையும் மூக்கில் பால் வந்தால் வாயைத் திறந்து மேலண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பால் குடித்தபின் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிப்பகுதியை ஒற்றி ஒற்றி எடுங்கள். தாய் நக்கிவிடாமல் குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது. முதல் நாட்களிலேயே காப்பி நிறத்தில் வந்தால் தாயின் ரத்த வகை குட்டிக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். அந்தக் குட்டியைத் தாய்ப்பாலிலிருந்து பிரித்து உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சமையலறை டிஜிட்டல் தராசுதான் உண்மையைச் சொல்லும். பிறக்கும்போது 90 முதல் 110 கிராம் இருக்கும். தினமும் 10 கிராமாவது ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் கவனம், இறங்கினால் மருத்துவர். ஈறு வெளுத்திருந்தால் தெள்ளுப்பூச்சி ரத்தத்தைக் குடித்திருக்கலாம். பேன்சீப்பால் வாரி, சோப்புத் தண்ணீரில் முக்கிக் கொல்லுங்கள். நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் பவுடர் பூனையைக் கொல்லும். தெருப்பூனைத் தாய் உங்களைக் கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ரேபிஸ் சிகிச்சைக்கென்று தொடங்கிய பாஸ்டியர் நிறுவனம் 1907-இலிருந்து குன்னூரில் இருந்தும் இந்த மலையில் அதை அலட்சியம் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

இத்தனையும் செய்தும் குட்டி போய்விடலாம். குறைந்த எடை, பிறவிக் குறை, தாயிடமிருந்து வந்த கிருமி, முதல் நாள் சீம்பால் கிடைக்காமை இவற்றில் பலவற்றை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. தலை பின்னால் வளைந்து, இடைவெளி விட்டுவிட்டு வாயைத் திறந்து மூச்சிழுத்தால் முடிவு நெருங்குகிறது. அப்போது பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். சூடாக வைத்து, கையில் ஏந்திக்கொண்டால் போதும். வேதனை நீண்டால் கால்நடை மருத்துவர் ஊசி போட்டு வலியில்லாமல் முடித்துத் தருவார். அதை நாமே செய்ய முயல்வது கொடுமை.

மிகவும் குளிர்ந்த குட்டி செத்தது போலவே இருக்கும். எனவே சூடேற்றிய பிறகும், முன்னங்கால் மடிப்புக்குப் பின்னால் இரண்டு விரல் வைத்து ஐந்து நிமிடம் துடிப்பே இல்லை என்றால்தான் உறுதி செய்யுங்கள். உடலைத் தாய்ப்பூனையின் பக்கத்தில் சிறிது நேரம் வையுங்கள். முகர்ந்து பார்த்துவிட்டு விலகும். சில தாய்கள் இரண்டு மூன்று நாள் தேடிக் கத்துவதும் உண்டு. ஒன்றன்பின் ஒன்றாகக் குட்டிகள் சாகின்றன என்றால் உடலைப் புதைக்காமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஃபிரீசரில் உறைந்துவிட்டால் பரிசோதனை சரிவராது.

புதைப்பதென்றால் பருத்தித் துணியில் சுற்றி, ஊற்றுக்கும் கிணற்றுக்கும் தள்ளி, மூன்றடி ஆழத்தில் புதைத்து மேலே பாறாங்கல் வையுங்கள். ஆழம் குறைந்தால் காட்டுப்பன்றியோ நரியோ அன்று இரவே தோண்டிவிடும். மழையில் சரியக்கூடிய மேட்டு விளிம்பைத் தவிர்க்கவும். வீட்டுப் பிள்ளைகளிடம் 'தூங்குது' என்று சொல்லாமல் 'செத்துப்போச்சு' என்றே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவர்கள் தூங்கவே பயப்படுவார்கள். குழிக்கு மண் தள்ள விரும்பினால் தள்ளட்டும். இரவெல்லாம் விழித்திருந்த உங்களுக்கும் அழுகை வரும். 'ஒரு பூனைக்கா இவ்வளவு?' என்று கேட்பவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் போய்ப் படுத்துத் தூங்குங்கள்.

எல்லாக் குட்டியும் போயிருந்தால் தாயின் மடியைப் பீய்ச்ச வேண்டாம், பீய்ச்சினால் பால் இன்னும் சுரக்கும். மடி கல்லாகிச் சுட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். பெட்டியை எரித்துவிட்டு, தரையை ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். குட்டிகளைக் கூட்டமாகக் கொல்லும் பூனைக்கொள்ளை நோயின் வைரஸ் ஓராண்டுவரைகூட உயிரோடு கிடக்கும். குட்டியை இழந்த பூனை சில வாரங்களிலேயே மறுபடி சினைக்கு வந்துவிடும் என்பதால், பால் வற்றியதும் கருத்தடை அறுவைக்கு நாள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.