இன்ஜெக்டரைக் கழற்றிக் கொடுக்கும் முன்...

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் நிற்கும்போது) இன்ஜின் உதறுகிறது, மைலேஜ் குறைகிறது என்றால் உடனே இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்மேல் பழி போட வேண்டாம். ஸ்பார்க் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில், ஏர் ஃபில்டர் மூன்றையும் முதலில் பாருங்கள். பல வண்டிகளுக்கு அங்கேயே வேலை முடிந்துவிடும்.

இன்ஜெக்டர்தான் என்று உறுதியானால், டேங்கில் ஊற்றும் கிளீனர் லேசான படிவுக்கு மட்டும்தான் உதவும். நன்றாக அடைத்திருந்தால் கழற்றி, அல்ட்ராசோனிக் தொட்டியில் (ஒலி அலையால் அழுக்கைக் கழற்றும் தொட்டி) போட்டுச் சுத்தம் செய்வதே சரி. கொடுக்கும்போதே ஒன்று கேளுங்கள்: சுத்தம் செய்யும் முன்பும் பின்பும் ஒவ்வொன்றும் எத்தனை மில்லி பாய்ச்சுகிறது என்ற அளவு வேண்டும். இன்ஜெக்டர்களைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சில், ஒவ்வொன்றுக்கும் ஒன்றாகக் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றிலும் மட்டம் ஏறக்குறைய ஒன்றாக ஏற வேண்டும். தெளிப்பு புகைபோல் விரிய வேண்டும், நூல்போல் ஒழுகக் கூடாது. மூடிய நிலையில் நுனியில் சொட்டு நின்றால் அதை மாற்றுவதே மேல்.

இன்ஜெக்டரில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் பழையதை மறுபடி போட விடாதீர்கள். பத்து நிமிட வேலையில் மிச்சம் பிடிக்கப்போய், சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் கசியும். புது ரிங்கில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவினால் கிழியாமல் உட்காரும். மாட்டியதும் சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல், கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

டீசல் காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் அமைப்பு) என்றால் வீட்டில் கைவைக்காதீர்கள். அதில் டீசலின் அழுத்தம் 1,000 பாரை, அதாவது காற்றழுத்தத்தைப்போல் சுமார் ஆயிரம் மடங்கைத் தாண்டும்.