கவுன்சிலிங் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு

சேலத்தில் என்னிடம் வருகிறவர்களில், ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வருகிறவர்களும் உண்டு. "எப்படி இருக்கீங்க?" என்றால் "பரவாயில்லைங்க" என்பார்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கவுன்சிலிங்கால் பலன் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆய்வுகள் ஒரு எளிய வழி தந்திருக்கின்றன. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள். 2001-இல் வெளியானது, இலவசம், தமிழிலும் இருக்கிறது. கடந்த இரண்டு வாரம் தூக்கம், பசி, சோர்வு, ஆர்வம் எப்படி என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. மனச்சோர்வுக்காக வருகிறவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதை நிரப்பி, தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். 5 குறைந்தால் நல்ல முன்னேற்றம். பல வாரமாகியும் எண் அசையவில்லையா? கவுன்சிலரிடம் நோட்டைக் காட்டி, "வேற வழி பார்க்கலாமாங்க?" என்று தயங்காமல் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டலாம்; பதிலை மட்டும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், ஒன்பதாவது கேள்வி. அது சாக வேண்டும், தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அதில் 0 தவிர வேறு எது வந்தாலும் அன்றைக்கே கவுன்சிலரிடம் சொல்லிவிடுங்கள். நடுராத்திரி என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.