மார்பு நோவை வைத்து முடிவு கட்டாதீர்கள்

ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வன்னிக் கிராமமொன்றில் வாய்க்கு வாய் போவதற்கு முன்னரே, கிணற்றில் வாளியை இழுக்கும்போது முழங்கை பட்டுச் சுள்ளென்று எழும் மார்பு நோவு அவளுக்கு அதை உணர்த்திவிடுவதுண்டு. கரு தரித்த ஓரிரு வாரங்களிலேயே ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்தரோன் ஆகிய ஹோர்மோன்கள் பெருகி, பால் சுரப்பிகள் வளரத் தொடங்குவதோடு குருதியோட்டமும் கூடுவதால் மார்பு கனத்து நோகிறது.

ஆனால் இதையே கர்ப்பத்துக்குச் சான்றாகக் கொள்வது தவறு. மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலும் புரொஜெஸ்தரோனால் இதே நோவு வரும். கருத்தடை ஊசியாலும் வரலாம். மாதவிடாய் தள்ளிப்போனால் சிறுநீரைப் பரிசோதித்து, இல்லை என்று காட்டினால் ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். உறுதியானதும், கர்ப்பத்தின் 8 வாரங்களுக்குள் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்துகொள்வது நல்லது.

நோவு குறைந்தவுடன் கரு கலைந்துவிட்டதென்று அஞ்சுவது இதைவிடக் கொடிய தவறு. அயலாரின் வாய் அந்த அச்சத்தை இன்னும் வளர்த்துவிடும். நோவு நாளுக்கு நாள் கூடிக் குறைவது இயல்பு, 12 வாரமளவில் பலருக்கு அது தணிந்தும் விடுகிறது. கவனிக்க வேண்டியவை வேறு: இரத்தப்போக்கு, அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலி, தோள்மூட்டு நோவு, மயக்கம். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருந்தாலும் இவை தோன்றலாம் என்பதால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் டைக்குளோபெனாக் போன்ற மாத்திரைகளை விழுங்கவோ, எண்ணெய் பூசி அழுத்தித் தேய்க்கவோ வேண்டாம். கம்பியில்லாத, அளவான உள்ளாடையே பெரும்பாலும் போதும். தேவையெனில் பரசிற்றமோல் எடுக்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

கையில் தட்டுப்படும் கட்டியையெல்லாம் ‘பால் கட்டு’ என்று ஒதுக்குவதும் உண்டு. கர்ப்ப காலத்தில் மார்புப் புற்றுநோய் அரிதே. ஆயினும் வந்தால் இந்த நினைப்பினாலேயே பிந்தித் தெரியவருகிறது. இரண்டு வாரமாகியும் கரையாத கட்டி, காம்பிலிருந்து இரத்தக் கசிவு, காய்ச்சலோடு ஒரு மார்பு மட்டும் சிவத்தல் ஆகியவற்றை வைத்தியரிடம் காட்ட வேண்டும். கட்டியைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் ஒலியலைகளால் எடுக்கப்படுவதால், வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு வருமென்று அதைப் பிரசவம்வரை தள்ளிப்போட வேண்டியதில்லை.