நிபுணர் சாட்சிக்குக் கடிதம் எழுதும்போது

டர்பனில் பெருமழைக்குப் பிறகு வீட்டுச் சுவர் விரிசல்விட்டு, வழக்கு உயர் நீதிமன்றம் போகிறதா? பொறியாளருக்கு ‘பார்த்துச் சொல்லுங்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். கேள்விகளுக்கு எண் போடுங்கள்: விரிசலுக்குக் காரணம் என்ன, சரிசெய்ய எவ்வளவு ராண்ட் ஆகும்? வரைபடம், படங்கள், பழைய பழுது ரசீதுகள் எல்லாம் பட்டியலோடு போகட்டும். நமக்குப் பாதகமானவையும்தான், மறைத்தது குறுக்கு விசாரணையில் வெளிவந்தால் அறிக்கையே சரிந்துவிடும். வேண்டிய பதிலை ஒருபோதும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

தென்னாப்பிரிக்க உயர் நீதிமன்ற விதி 36(9)இன்படி, வழக்குரைகள் (இரு தரப்பும் எழுத்தில் தாக்கல் செய்யும் கோரிக்கையும் பதிலும்) முடிந்ததிலிருந்து வாதி 30 நாளுக்குள் நிபுணரை அழைக்கப்போவதாக அறிவிப்பும், 90 நாளுக்குள் அவருடைய கருத்தும் காரணங்களும் அடங்கிய சுருக்கமும் தரவேண்டும். பிரதிவாதிக்கு 60, 120. சனி, ஞாயிறு, பொது விடுமுறை சேராது. எப்படியும் வழக்கு மேலாண்மைக்காக (வழக்கை விசாரணைக்குத் தயார்ப்படுத்த) நடக்கும் முதல் கூட்டத்துக்கு முன்பே இரண்டும் போயிருக்கவேண்டும்.